சொல்லாமல் நின்றுபோகும் மாத்திரை



மார்பகப் புற்றுநோய் வைத்தியத்தில் நம் சிவகாசிப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்த கட்டங்கள் மூன்று. கட்டியை எடுப்பது, ஊசி மருந்து ஏற்றுவது, மதுரைக்கோ சென்னைக்கோ போய்க் 'கரண்டு வைப்பது', அதாவது கதிர்வீச்சு. மூன்றும் முடிந்து, உதிர்ந்த முடி மறுபடி முளைத்து, ஊர் திரும்பிய பெண்ணைப் பார்த்து "எல்லாம் சரியாப் போச்சுல்ல?" என்று கேட்காதவர் இல்லை. சரியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் இப்படித் திரும்பும் பலரின் பையில் இன்னொரு சீட்டு இருக்கிறது. தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, ஐந்து ஆண்டுக்கு. சிலருக்குப் பத்து ஆண்டு. அந்த மாத்திரை எந்தக் காரணத்தால், வீட்டாருக்கும் டாக்டருக்கும் தெரியாமல், நின்றுபோகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

கலிபோர்னியாவின் வடபகுதியில் கைசர் பெர்மனென்டே என்ற காப்பீட்டு அமைப்பில் ஹார்மோன் மாத்திரை தொடங்கிய 8,769 பெண்களின் மருந்துக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. நாலரை ஆண்டு முழுக்கச் சொன்னபடி மாத்திரை போட்டவர்கள் 49 சதவீதம். காப்பீடும் மருந்துக் கடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பெண்களிலேயே பாதிப்பேர் வழியில் விட்டுவிட்டார்கள் அல்லது விட்டுவிட்டுப் போட்டார்கள். அப்படியிருக்க, விடியற்காலையில் சோறு பொங்கி வைத்துவிட்டுக் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும் திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பெண் ஒருநாளும் தவறாமல் போடுவார் என்று நம்புவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.

நிறுத்தினால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் சிக்கல். நிறுத்திய சில வாரத்தில் உடம்பு லேசாகிவிடும். "விட்டது நல்லதாப் போச்சு" என்றே தோன்றும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்று அவசரப்படாத நோய். ஐந்தாண்டு மாத்திரை முடித்த பெண்களைக்கூட இருபது ஆண்டு வரை பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. நோய் திரும்பும் வாய்ப்பு அத்தனை காலமும் மெல்ல நீடித்துக்கொண்டே போனதை அது காட்டியது. மறுபக்கம், டமாக்சிஃபென் மாத்திரையை ஐந்தாண்டு ஒழுங்காகப் போட்டால், அடுத்த பதினைந்து ஆண்டில் இந்த நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துக் கிடைத்த கணக்கு இது. சில ரூபாய் விலையுள்ள ஒரு மாத்திரை இவ்வளவு செய்வது மருத்துவத்தில் அபூர்வம்.

இந்த வைத்தியத்தின் கதை கிளாஸ்கோவில் தொடங்குகிறது. அங்கே ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் பால் சுரப்பைப் பற்றி ஆராய்ந்தவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் நெடுநாள் வற்றாது என்று பண்ணைக்காரர்கள் நம்பிச் செய்துவந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது. சினைப்பைக்கும் மார்பகத்துக்கும் ஏதோ கணக்கு இருக்கிறது என்று ஊகித்து, 1895இல் நோய் முற்றிய 33 வயதுப் பெண் ஒருவரின் சினைப்பைகளை அகற்றினார். கட்டிகள் சுருங்கின. மறு ஆண்டு லான்செட் இதழில் எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை அப்போது எவரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. காரணம் தெரியாமலே காரியம் நடந்தது.

டமாக்சிஃபென் வந்தது 1962இல். இங்கிலாந்தின் செஷயரில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் அதை உருவாக்கினார். அவர்கள் தேடியது கருத்தடை மாத்திரை. எலிக்குக் கரு தங்கவில்லை. பெண்களுக்கோ நேர்மாறாகக் கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது! கருத்தடைக்கு உதவாத பண்டம் என்று ஓரங்கட்டப்பட இருந்ததை, ஆர்தர் வால்போல் என்ற விஞ்ஞானி விடாப்பிடியாகப் புற்றுநோய்ப் பக்கம் திருப்பினார். 1971இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனை முதல் முடிவை வெளியிட்டது. முற்றிய நோயோடு இருந்த 46 பேரில் 10 பேருக்கு நல்ல பலன். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது நிலையாக இருக்கிறது.

குழந்தைப்பேற்றோடு உள்ள இந்தப் பழைய உறவு இன்றும் வம்பு செய்கிறது. இதே நோய்க்கு, மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்படும் லெட்ரோசோல் மாத்திரையைக் குழந்தையின்மைச் சிகிச்சையிலும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பயன்பாட்டுக்கு இந்திய அரசு 2011இல் தடை விதித்து, 2017இல் விலக்கிக்கொண்டது. விவரம் தெரியாத யாரோ ஒருவர், "இது புள்ளை இல்லாதவங்க சாப்பிடுற மாத்திரைல்ல?" என்று சொல்லிவிட்டால், ஐம்பத்தைந்து வயதுப் பெண் வெட்கப்பட்டு அட்டையைத் தூக்கிப்போடுவதற்கு அது போதும். ஒரே மருந்து இரண்டு காரியத்துக்குப் பயன்படும். டாக்டர் எழுதியது எதற்கு என்பதை வீட்டில் ஒருவராவது தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பக்கவிளைவு ஏன் வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பலருடைய கட்டி ஈஸ்ட்ரோஜனைக் குடித்து வளரும் வகை; பரிசோதனைத் தாளில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று எழுதியிருப்பது அதைத்தான். டமாக்சிஃபென், பஸ் ஸீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு உட்காருகிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்செமெஸ்டேன் மூன்றும் வேறு வகை. மாதவிலக்கு நின்றபின் உடம்புக் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே அவை தடுத்துவிடுகின்றன. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கட்டிக்கு மட்டும் வேலைசெய்யும் பொருள் அல்ல. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதிக்கும், எலும்புக்கும், மூட்டுக்கும், பிறப்புறுப்பின் ஈரத்துக்கும் அது வேண்டும். மாத்திரை வேலை செய்தால் இந்த இடங்களும் அதை உணரத்தான் செய்யும்.

முதலில் உணர்வது வெப்பம். இந்த ஊரில் அதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். வெயிலுக்குப் பிறந்த ஊர். கத்திரி வெயிலில் எல்லோருக்கும்தான் வேர்க்கிறது, உனக்கென்ன தனியாக என்பார்கள். ஆனால் இது தனி. நெஞ்சில் கிளம்பும் காங்கை கழுத்தேறி முகத்துக்கு வரும், நெஞ்சு படபடக்கும், சேலை நனையும், சில நிமிடத்தில் அடங்கி, சிலருக்குக் குளிரெடுக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையின் வெப்பக் காவலுக்குப் பொறுமை போய்விடுகிறது. உடல் சூடு கொஞ்சம் ஏறினாலும் ஆபத்து என்று கொண்டு வேர்வையைக் கொட்டவைக்கிறது.

இனி நாம் பயராபீஸ் என்று சொல்லும் பட்டாசு ஆலையின் அறையை நினைத்துப் பாருங்கள். வெடிமருந்து புழங்கும் இடத்தில் மின்விசிறி கிடையாது. ஒரு பொறி போதும், அறை போய்விடும் என்பதால் மின்சாரத்துக்கே அங்கு இடமில்லை. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்குண்டு. நைலான், பாலியெஸ்டர் சேலை கட்டக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவையை முடித்துவிட வேண்டும். உயிர்காக்கும் விதிகள் இவை. ஒன்றையும் தளர்த்தச் சொல்ல முடியாது. அந்த அறையில் உட்கார்ந்து பகல் முழுக்கத் திரி செருகும் பெண்ணிடம், "ஏசியில் இருங்கள், ஃபேனைப் பக்கத்தில் வையுங்கள்" என்று ஆங்கிலப் பிரசுரத்தில் உள்ள ஆலோசனையைப் படித்துக்காட்டுவது வீண்.

அங்கே செய்யக்கூடியது வேறு. பருத்திச் சேலை ஏற்கெனவே விதி. அந்த ஒன்றில் ஆலை விதியும் டாக்டர் சொல்வதும் ஒன்றாக இருக்கின்றன. வாசல் ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்கலாம். அதற்குப் போர்மேனிடம் காரணம் சொல்ல வேண்டும். "ஆஸ்பத்திரி மாத்திரையால் உடம்பு திடீர்னு கொதிக்குது" என்று சொன்னால் போதும், நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வெடிமருந்து தொடாத பெட்டி, லேபிள் வேலைக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. அதில் கூலி குறையுமானால் அது உண்மையான இழப்பு. அதை மறைத்து அறிவுரை சொல்வது நாணயமல்ல. நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். காங்கை வரும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவைத்தால், பலருக்குக் காரணம் பிடிபடும். கொதிக்கக் கொதிக்கக் குடித்த டீயாக இருக்கலாம், மிளகாய் தூக்கலான குழம்பாக இருக்கலாம், மேஸ்திரியின் சத்தமாகவும் இருக்கலாம். டீயை ஆற்றிக் குடிக்கலாம். மேஸ்திரியை ஆற்றுவது அவரவர் சாமர்த்தியம்.

லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. மார்பகப் புற்று வைத்தியத்துக்குப் பிறகு வெக்கையால் அவதிப்பட்ட பெண்களைக் குழுவாக உட்காரவைத்து, ஆறு வாரம் மூச்சை மெதுவாக்கவும், வெக்கை வரும்போது மனம் ஓடும் போக்கை மாற்றவும் பழக்கினார்கள். வெக்கை வரும் தடவைகள் பெரிதாகக் குறையவில்லை. அது தரும் தொல்லை கணிசமாகக் குறைந்தது, தூக்கமும் தேறியது. பக்கத்து அறைப் பெண், "என்னக்கா, இப்படி ஊத்துது?" என்று கேட்கும்போது வரும் கூச்சம்தான் பாதி வேதனை. குழுவாக உட்கார்ந்து பேசுவதற்கு நம் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கும் அடங்காவிட்டால் மருந்து இருக்கிறது. வென்லாஃபாக்சின், கபாபென்டின், ஆக்சிபியூட்டினின் ஆகியவை வெக்கையைத் தணிப்பவை. இவற்றில் முதலாவது மனச்சோர்வுக்கும் கொடுப்பது, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்பட வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வுக்கான வேறு சில மாத்திரைகள், குறிப்பாகப் பாராக்செட்டினும் ஃப்ளூவாக்செட்டினும், டமாக்சிஃபென் உடம்பில் செயல்படும் வடிவுக்கு மாறுவதைத் தடுக்கக்கூடியவை. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் ஹார்மோன் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். சாதாரணமாக மாதவிலக்கு நிற்கும் காலத்துக்கு எழுதித்தரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இவர்களுக்கு வேண்டாம். அதைக் கொடுத்துப் பார்த்த ஹாபிட்ஸ் என்ற சுவீடன் ஆய்வில் நோய் திரும்புவது கூடியதால், 2003 டிசம்பரிலேயே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது விரல்.

சிவகாசியின் தொழில் அத்தனையும் பெண்களின் விரலில் நிற்கிறது. குழாய் உருட்டுவது, திரி வெட்டுவது, சரம் பின்னுவது, தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குவது என எல்லாம் விரல் வேலை. பெரும்பாலும் எண்ணிக்கைக்குக் கூலி. லெட்ரோசோல் வகை மாத்திரைகளின் முதன்மையான பக்கவிளைவு மூட்டு வலியும் காலை நேர விறைப்பும். விரல் மடங்காது, மணிக்கட்டு நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும், சிலருக்கு விரல் மடங்கிய இடத்தில் பூட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபடும். தரையிலிருந்து எழுந்திருக்க முழங்கால் மறுக்கும். கலிபோர்னியாவில் தட்டச்சு செய்பவருக்கு இது தொந்தரவு. இங்கே அன்றைய கூலி.

வலி முழுவதையும் மாத்திரையின் தலையில் கட்டவும் முடியாது. ஐபிஸ்-2 என்ற பெரிய ஆய்வில், மாதவிலக்கு நின்ற 3,864 பெண்களில் பாதிப்பேருக்கு அனஸ்ட்ரோசோலும் மீதிப்பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். எது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. மூட்டு, தசைத் தொல்லை சொன்னவர்கள் மருந்து போட்டவர்களில் 64 சதவீதம். வெறும் மாத்திரை போட்டவர்களில் 58 சதவீதம். இந்தக் கணக்கைக் காட்டி, "எல்லாம் உன் நினைப்பு" என்று ஒரு பெண்ணின் வாயை அடைக்கும் டாக்டர் இருந்தால் அவர் கணக்கைத் தப்பாகப் படித்தவர். அந்த வயதில் வலி பரவலாக இருக்கிறது, மாத்திரை அதைக் கூட்டுகிறது, இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும் என்பதே அதன் பொருள்.

வைத்தியத்தில் முதலிடம் நடைக்கும் பயிற்சிக்கும். யேல் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் செய்த பெண்களுக்கு மூட்டு வலி தெளிவாகக் குறைந்தது. "நாள் பூராவும் வேலைதானே செய்றேன், இதுக்குமேல நடையா?" என்று பயராபீஸ் பெண் கேட்பது நியாயம். ஆனால் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரல் மட்டும் ஆடுவது உழைப்பு. உடம்புக்குப் பயிற்சி அல்ல. வண்டி நிற்குமிடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடப்பது, காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டுவது, வேலைக்கிடையே மணிக்கொரு தடவை எழுந்து நிற்பது இவையெல்லாம் காசில்லாத வைத்தியம். மாத்திரை போடும் நேரத்தை இரவுக்கு மாற்றிச் சிலர் தேறுகிறார்கள். காலையோ இரவோ, மருந்தின் பலன் ஒன்றுதான்.

அப்புறம், இது பலருக்குத் தெரியாத செய்தி: ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று ஒத்துக்கொள்ளலாம். பிரான்சில் மூட்டு வலி தாங்காமல் அனஸ்ட்ரோசோலை நிறுத்திய பெண்களுக்கு, ஒரு மாத இடைவெளி விட்டு லெட்ரோசோல் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பத்தில் ஏழு பேர் அதைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். லெட்ரோசோலும் முடியாதவருக்கு டமாக்சிஃபென் இருக்கிறது. டுலாக்செட்டின் என்ற வலி மருந்தும் ஆய்வில் தேறியது. நான்கு வழி திறந்திருக்கும்போது ஐந்தாவதாக நிறுத்துவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், நான்கைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

லெட்ரோசோல் வகை மாத்திரை எலும்பையும் அரிக்கும். தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வது முறை. கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் சொலெட்ரானிக் அமில ஊசி. ஊசிக்கு முன் பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். கேழ்வரகும் எள்ளும் நெத்திலிக் கருவாடும் நம் அடுப்படியிலேயே உண்டு. எடை கூடினால் பழியை டமாக்சிஃபென்மேல் போடுவது வழக்கம். வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை இந்த அவையே முடிவு செய்யட்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. டமாக்சிஃபென் இரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றே கூட்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைச் சதையில் வலியும் வந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாள் முழுக்கக் கால் மடக்கி உட்காருபவர்கள் இதை இரட்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். வேறு ஏதாவது ஆபரேஷன் என்றால் மாத்திரை விவரத்தை முன்னதாகச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் கர்ப்பப்பையைச் சோதிக்க வேண்டும். அந்த வயதில் டமாக்சிஃபென் கர்ப்பப்பை உட்சுவரின் புற்றுக்கு ஒரு சிறிய வாய்ப்பைக் கூட்டுகிறது. அதற்காக அறிகுறி எதுவும் இல்லாதவர் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துப் பயப்பட வேண்டியதில்லை.

கர்ப்பப்பை என்றதும் இன்னொன்று. நம் மாவட்டங்களில் நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் ஏராளம். "எனக்கு எடுத்தாச்சு டாக்டர், தூரமெல்லாம் நின்னுபோச்சு" என்பார்கள். கர்ப்பப்பை போனாலும் சினைப்பை இருந்தால், ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டேதான் இருக்கும். அவருக்கு லெட்ரோசோல் மட்டும் கொடுத்தால் பலிக்காது. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்ற பழைய ஆபரேஷன் தாள் கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஹார்மோன் அளவைச் சோதித்துப் பார்க்கலாம். அதேபோல, கீமோவில் நின்ற மாதவிலக்கு லெட்ரோசோல் போடும்போது திரும்பி வந்தால், அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாமல் உடனே சொல்ல வேண்டும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்காத கூட்டமே இல்லை. "மாத்திரை சூடு" என்று மோரும் இளநீரும் குடிப்பதில் குற்றமில்லை. மஞ்சளில் மட்டும் ஒரு சங்கதி. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் டமாக்சிஃபென் போடும் பெண்களுக்கு மஞ்சள் சத்து மாத்திரையை மிளகுச் சத்தோடு கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் மருந்தின் செயல்படும் வடிவம் குறைந்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் ரசத்து மிளகுக்கும் இதில் வேலையில்லை. அவர்கள் கொடுத்தது சமையலில் சேராத அளவு. டப்பாவில் விற்கும் சத்து மாத்திரையைத்தான் தவிர்க்க வேண்டும். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம்போலப் பெண்களுக்கென்று விற்கும் சரக்குகளையும் டாக்டரிடம் காட்டாமல் தொட வேண்டாம்.

இனி, மேடையில் பேசக் கூச்சப்படும் விஷயம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பு வறண்டுபோகும், தாம்பத்தியம் வேதனையாகும். பெண் டாக்டரிடமும் சொல்லமாட்டார்கள். கணவரிடமும் காரணம் சொல்லாமல் ஒதுங்குவார்கள். அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார். மாத்திரை நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம், வாய்விட்டுச் சொல்லப்படாத காரணம். மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்க் களிம்புகளே பலருக்குப் போதும்; ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைப் புற்றுநோய் டாக்டர் ஒப்புதலின்றித் தடவக் கூடாது. டமாக்சிஃபென் போடும் இளம்பெண்களுக்குக் கரு தங்காமல் பாதுகாப்பும் வேண்டும். மருந்து கருவைப் பாதிக்கும். காப்பர்-டி ஏற்றது, ஹார்மோன் கருத்தடை மாத்திரை கூடாது. நடிகை கௌதமி தமக்கு வந்த நோயை வெளிப்படையாகப் பேசியபிறகு தமிழ்நாட்டில் மார்பகம் என்ற சொல்லைச் சொல்லும் கூச்சம் ஓரளவு போனது. மாத்திரைக் காலத்துக் கூச்சம் இன்னும் போகவில்லை.

எரிச்சலும் மறதியும் தூக்கமின்மையும் இதே கணக்கில் சேரும். வீட்டார் அதைச் சோம்பல் என்று பெயர் வைத்து அழைப்பார்கள். நோய் இருந்தபோது கிடைத்த பரிவு, பார்க்க நன்றாக இருக்கும்போது கிடைப்பதில்லை.

"கொஞ்ச நாள் லீவு விடலாமா?" என்ற கேள்வி தீபாவளி சீசன் நெருங்கும்போது கட்டாயம் வரும். இரவுபகலாகச் சரக்கு போகும் மாதங்கள். வலியோடு வேலை ஓடாது. டாக்டர் சொல்லி விடும் இடைவெளி வேறு, தானாக விடுவது வேறு. நாலைந்து ஆண்டு ஹார்மோன் மருந்து முடித்து, மேலும் ஐந்தாண்டு லெட்ரோசோல் தொடர்ந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு ஆண்டில் ஒன்பது மாதம் மருந்து, மூன்று மாதம் ஓய்வு என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. ஓய்வெடுத்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. பிள்ளை பெற விரும்பிய 42 வயதுக்குட்பட்ட பெண்கள் ஒன்றரை ஆண்டுக்குமேல் மருந்து போட்டபின் இரண்டாண்டு வரை நிறுத்திய ஆய்வும் 2023இல் வெளியானது. மூன்று ஆண்டுக் கணக்கில் அவர்களுக்கும் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. இந்த இரண்டுமே யார், எப்போது, எவ்வளவு நாள் என்று அளந்து கொடுத்த இடைவெளி. முதலிரண்டு ஆண்டில் சீசனுக்காகத் தானே விடுவதற்கு இவற்றை ஆதாரமாக்க முடியாது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடவும் வேண்டாம். ஒன்றைப் போட்டுத் தொடர்ந்தால் போதும்.

டாக்டரைப் பார்க்கப் போவதே ஒரு நாள் கூலியை விழுங்குகிறது என்பது உண்மை. சிவகாசியிலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குப் போகிறவருக்குப் பொதிகை ரயிலில் ஓர் இரவு. திரும்பி வர இன்னோர் இரவு. முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோயில் தங்கையை இழந்த துயரத்திலிருந்து 1954இல் அடையாறு நிறுவனத்தை எழுப்பினார், மருத்துவர் வி. சாந்தா தம் வாழ்நாளை அதற்கே கொடுத்தார். அறுபது ஆண்டுக்கு முன் தென்மாவட்டத்துக்காரருக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் குறைவு. இன்று மதுரையில் அரசு வைத்தியம் உண்டு. விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறது. அறுவைக்குத் தூரம் போகலாம்; மாத்திரையின் தொல்லையைச் சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு நீண்டகால நோய்ப் பட்டியலில் புற்றுநோய் சேர்ந்திருக்கிறது. இரண்டாண்டு வேலையும் சந்தா நாட்களும் நிறைந்திருந்தால், வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டாண்டு வரை பெற வழி உண்டு. மூட்டு முடங்கியவர் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அட்டையே இல்லாத ஒப்பந்தக் கூலிப் பெண்ணுக்கு இந்த வாசல் மூடியிருக்கிறது; அது டாக்டர் தீர்க்கக்கூடிய பக்கவிளைவு அல்ல.

ஆகவே இந்த அவையிலிருந்து இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது அரசுக்கும் ஆலை முதலாளிகளுக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முடங்கியவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. 2024இல் அதையே தொழிற்சாலை வாசலுக்கும் நீட்டினார்கள். அந்தத் தன்னார்வலரின் பையில் ஹார்மோன் மாத்திரைக்கும் இடம் கொடுங்கள், அவர் நோட்டில் "மாத்திரை போடுறீங்களா, என்ன தொந்தரவு?" என்ற இரண்டு கேள்விக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஆலைகள், மாத்திரை போடும் பெண்ணுக்கு வாசலோர இடமும் வெடிமருந்து தொடாத வேலையும் கூலி குறையாமல் கொடுக்கட்டும்.

இரண்டாவது, இங்கே வந்திருக்கும் பெண்களுக்கு. நிறுத்தத் தோன்றினால் நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை டாக்டரிடம் போய், என்ன முடியவில்லை என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தாலும் போங்கள். விட்ட மாத்திரையைப் பல பேருக்கு மறுபடி தொடங்க முடியும். போகும்போது மாத்திரை அட்டை, பழைய ஆபரேஷன் தாள், போடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள்.